மானுவல் ஆரோனின் ஆட்டங்களைத் தமிழில் தொகுத்து வெளியிடுங்கள்

தமிழ்நாடு மாநிலச் சதுரங்கக் கழகத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நம் சதுரங்க வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் 1988-இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு 27 ஆண்டுகள் முன்னரே, 1961-இல், கிராண்ட்மாஸ்டருக்கு அடுத்த நிலைப் பட்டமான சர்வதேச மாஸ்டர் பட்டத்தை இந்தியாவில் முதலில் பெற்றுவிட்ட மானுவல் ஆரோனின் ஆட்டங்களைத் தமிழ் விளக்கங்களுடன் கழகமே நூலாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பர்மாவின் டவுங்கூவில் 1935-இல் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், 1959-க்கும் 1981-க்கும் இடையில் 9 முறை தேசியப் பட்டம் வென்றார்; சதுரங்கத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவரே. பட்டங்களைப் பட்டியலிடுவது எளிது. அவை எத்தகைய சூழலில் வெல்லப்பட்டன என்பதுதான் இன்றைய மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும், ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம்மாற்றும் கோட்டை கட்டுதலுக்குப் பதிலாக ராஜா ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம் என்பன போன்ற உள்நாட்டு விதிகள் பல ஊர்களில் நெடுங்காலம் வழக்கில் இருந்தன. அப்படிப்பட்ட நாட்டில் சர்வதேச விதிமுறையைப் பரப்பி, தொடக்க ஆட்டங்களை முறையாகப் படிக்கும் பழக்கத்தைச் சக வீரர்களிடம் வளர்த்ததே அவருடைய பெரும்பணி என்பது என் கருத்து. 1972-இல் சென்னையின் சோவியத் பண்பாட்டு மையத்தில் அவர் முன்னின்று தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்தும் ஆடிப் பழகினார்.

1960 லைப்ஸிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவேயை ஆரோன் வென்றார். 1962-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகச் சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றுகளில் ஒன்றான இன்டர்சோனல் போட்டியிலோ 23 பேரில் கடைசி இடமே அவருக்குக் கிடைத்தது. இதைத் தயங்காமல் எழுதுங்கள். பாபி ஃபிஷர் முதலிடம் பெற்ற அதே போட்டியில், ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லாத நாட்டிலிருந்து சென்ற அவர், ஹங்கேரியின் லாயோஸ் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் உல்மானையும் தோற்கடித்தார். அந்த இரு வெற்றிகளுக்கு நகர்த்தல்தோறும் விளக்கம் வேண்டும். தோற்ற ஆட்டங்களுக்கும் அதே கவனம் வேண்டும். தனியாகப் படித்துத் தேறிய ஒருவர் உலகின் முன்னணி வீரர்களுக்கு எதிரே ஆட்டத்தின் எந்த நிலையில் தடுமாறினார் என்பதை அவைதாம் காட்டும்.

இந்தியச் சதுரங்க வரலாற்றை ஆங்கிலத்தில் இணைந்து எழுதியவர் ஆரோன். மாவட்டப் பயிற்சி வகுப்புகளில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வரலாறு எட்ட வேண்டும். ஆகவே கழகம் ஒரு சிறு குழுவை அமைத்து, பழைய மாநிலப் போட்டிகளின் ஆட்டக் குறிப்பேடுகளையும் அக்கால நாளிதழ்ச் செய்திகளையும் திரட்டட்டும். அவரோடு பலகையில் எதிரெதிரே அமர்ந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். ஆதலால் அவர்களுடைய நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் பணியை மட்டுமாவது இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சதுரங்க ஆர்வலர் ஒருவர்