குடல் சுவர் சல்லடை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மருத்துவப் பக்கத்தில் ‘குடல் சுவர் ஒரு சல்லடை, சத்தைச் சலித்து ரத்தத்தில் விடுகிறது’ என்று ஒரு வரி. அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

தாங்கள் அறியாததல்ல. குடல் செல்லுக்கு உணவைப் பார்த்த மேல்பக்கம் வேறு, ரத்தத்தைப் பார்த்த அடிப்பக்கம் வேறு. மேல் சவ்வில் உள்ள புரதம் ஒரு குளுக்கோஸோடு இரண்டு சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ளே இழுக்கும். தண்ணீர் அதன் பின்னால் வரும். அந்தச் சோடியத்தை ரத்தத்தின் பக்கம் தள்ளும் பம்ப் அடியிலும் பக்கவாட்டிலும்தான் இருக்கும். எந்தப் புரதம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று, புரதங்களைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கோல்கை உறுப்பை விட்டு அவை கிளம்பும்போதே செல் பெரும்பாலும் பிரித்துவிடுகிறது. அடிப்பக்கம் போகும் பல புரதங்களின் வாலில் அதற்கென்றே சிறு அமினோ அமில வரிசை உண்டு. 1978-லேயே ஆய்வாளர்கள் ரோட்ரிகஸ்-புலானும் சபாட்டினியும் நாயின் சிறுநீரகச் செல்லில் இன்ஃப்ளூயன்சா வைரஸ் மேல்பக்கமாகவும் வேறொரு வைரஸ் அடிப்பக்கமாகவும் வெளியேறுவதைக் காட்டிவிட்டார்கள். செல்லுக்குள் சரக்குகளைச் சுமந்து செல்லும் மயோசின் 5பி என்ற புரதத்தின் மரபணு பழுதானால் மேல் சவ்வுக்குப் போக வேண்டியவை செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். பச்சிளம் குழந்தைக்கு நிற்காத வயிற்றுப்போக்கு, ரத்தக்குழாய் வழியாகத்தான் ஊட்டம். சல்லடைக்கு இப்படி ஒரு நோய் வருமா?

எங்கள் தெருவில் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த பேரனுக்கு ஒரு பாட்டி வெறும் வெந்நீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை நீட்டினேன். “சல்லடைன்னு புத்தகத்துல போட்டிருக்கே சார், தண்ணி தானா இறங்கிடும்” என்றார். தங்கள் இதழ் திண்ணையிலேயே கிடந்தது. வாதம் செய்யாமல், நானே கரைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது உப்பும் குளுக்கோஸும் கலந்த இந்தக் கரைசலால்தான்.

சிறுநீரகத்தை ‘வெறும் வடிகட்டி’ என்று எழுதியபோதும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதற்கு முன்பு ஒரு கடிதத்தில், பிழையைச் சுட்டிய பத்தியை வெட்டிவிட்டு ‘கட்டுரை நன்று’ என்ற முதல் வரியை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். பழைய மாணவர்கள் போன் செய்து கேட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ராசிபலனுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள், அறிவியலுக்கு ஒரு படம் போட இடமில்லை என்கிறீர்கள்.

சரி, அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மேல்பக்கம், அடிப்பக்கம் குறித்த குடல் செல் படத்தை நானே வரைந்து இணைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு),
மன்னார்குடி