எந்தத் தண்ணீர் என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்புகளில் இளம் எழுத்தாளர்களின் மாயக் கதைகளை விரும்பிப் படிக்கிறோம். அவற்றில் பேயும் அரக்கனும் தண்ணீரைக் கண்டதும் ஓடுகின்றன. ஏன் என்றுதான் தெரிவதில்லை.

இரத்தம் குடிக்கும் பேய் தண்ணீருக்கே அஞ்சும் என்று எழுதினால் கதை நிற்காது. குருதியின் பிளாஸ்மாவில் சுமார் 90 விழுக்காடு தண்ணீர்தான். முதல் மிடறே அதற்கு எமனாகிவிடும். கலிங்கத்துப்பரணிப் பேய்கள் குருதி மடுவில் பாய்ந்து நீந்திக் குளிக்கின்றனவே! மேலும், ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் நம் மலேசியாவில் அப்படிப்பட்ட பேய் எங்கே ஒதுங்கும்? விடியலில் செம்பனை மட்டை சொட்டும் பனியே அதை முடித்துவிடும்.

ஆகவே அச்சத்தை நீரின் ஓட்டத்தில் வையுங்கள். 1897-இல் வெளிவந்த 'டிராகுலா' என்ற இரத்தக் காட்டேரி நாவலில் பிராம் ஸ்டோக்கர் அதைத்தான் செய்தார்: கடல் ஏறி நிறையும்போதோ நீர் அசையாமல் நிற்கும்போதோ மட்டுமே டிராகுலா ஓடும் நீரைக் கடக்க முடியும். இந்த விதியை லங்காட் ஆற்று முகத்துவாரத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் மேற்குக் கரையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மணி 12 நிமிடம். நீர் திரும்பும் அந்தச் சிறு பொழுதில்தான் பேய் படகேறலாம். நாயகி அதைக் கணக்கிட்டுக் காத்திருக்கட்டும். மறுநாளும் அதே மணிக்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

தீர்த்தம் என்றால் வேறு கேள்வி. ஆற்றல் செம்பு நீரிலா, மஞ்சள் வேப்பிலையிலா, மந்திரத்திலா? நீரில்தான் என்றால் ஒரு சொட்டை தண்ணீர்த் தொட்டியில் விட்டு லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு முழுவதையும் காத்துவிடலாம்; பிறகு கதைக்கு வேலை இல்லை. ஓதியவர் வாயில் என்றால், அவர் மயங்கி விழும் கட்டம் உங்களுக்குக் கிடைக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது தண்ணீரை எல்லையாக வைப்பது. மயானம் போய் வந்தவரைக் கால் கழுவாமல் படியேற விடமாட்டோம். அங்கே தண்ணீர் எதையும் கொல்வதில்லை, ஒட்டி வந்ததை வாசலோடு நிறுத்துகிறது. வாசல் ஈரம் காய்ந்தால் காவலும் போய்விடும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வெயில் ஏற ஏறப் பதற்றமும் ஏறும்.

ஆற்றிலேயே குடியிருப்பதாக மலாய்க்காரர்கள் சொல்லும் ஹந்து ஆயர் என்னும் நீர்ப் பேயைக் கதையில் சேர்ப்பவர்கள் இந்த விதிகளை அதற்குப் பூட்ட வேண்டாம். தண்ணீர் அதன் வீடு.

வாசகர்கள் சிலர்,
பந்திங், சிலாங்கூர்