குழந்தைகள் கையில் சப்ளாக்கட்டை இருக்கட்டும்

மும்பை முலுண்டில் எங்கள் வட்டார பஜனை மண்டலியை நடத்திவரும் மாமாக்களுக்கும் மாமிகளுக்கும் நமஸ்காரம்.

குழந்தைகள் வகுப்பில் இனிமேல் பஜனைக்குத் தாளம் தட்டும் மரச் சப்ளாக்கட்டை கிடையாது, ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் டம்பரின்தான் (சில்லுகள் கோத்த வளையம்) என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். சத்தம் காதைப் பிளக்கிறது, பிஞ்சு விரல் நோகிறது என்றீர்கள். சரி, இரண்டும் உண்மைதான். அதற்கு டம்பரின் மருந்தில்லை.

கட்டையை ஒருதரம் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றின் வளையத்தில் கட்டைவிரல், இன்னொன்றின் வளையத்தில் மற்ற விரல்கள். மூடினால் தட்டையான பக்கங்கள் மோதி மரம் 'டக்'கென்று அடித்து நின்றுவிடும். முனைகளில் கோத்த பித்தளைச் சில்லுகள் மட்டும் கொஞ்சம் சிணுங்கும். அந்த 'டக்' இருப்பதால்தான் கூட்டமாகத் தட்டினாலும் அடி எங்கே விழுகிறது என்று தெரிகிறது. நீங்கள் வாங்கியதோ தோல் இல்லாத டம்பரின், வெறும் சிணுங்கல். சத்தமும் அப்படியே இருக்கும், தாளமும் கலையும்.

அதுவும் மும்பையில் இருந்துகொண்டு இதை விடுவது வேடிக்கை! பாட்டோடு கதை சொல்லும் மராட்டியக் கீர்த்தனக்காரர்கள் கையோடு தஞ்சாவூருக்கு வந்த கருவி இது. 1855 வரை அங்கே போன்ஸ்லே என்ற மராட்டிய வம்ச ஆட்சி. கீர்த்தனக்காரர்கள் போக்குவரத்துக்குக் கேட்பானேன். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அந்தப் பாணியைப் பார்த்து நம் ஹரிகதையைப் புதுசாக அமைத்தபோது கட்டையும் கூடவே மேடையேறியது. இந்தப் பக்கமோ, விடியற்காலையில் மயிற்பீலித் தொப்பியோடு வீடு வீடாகப் பாடிவரும் 'வாசுதேவர்' என்கிற மராட்டியப் பாடகர்கள் கையில் இதேதான். காலண்டர் நாரதரைச் சொல்லவே வேண்டாம்.

விரல் நோகாமலிருக்க வளையத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள். பெரியவர்களுக்கான கட்டையைக் குழந்தையிடம் நீட்டாமல், பண்டரிபுரம் போகிறவர்களிடம் சொல்லிச் சின்னதாக வாங்குங்கள். நாமாவளி தொடங்கியதுமே எல்லோரும் தட்டவும் வேண்டாம். முன்வரிசையில் நாலு பேர் தட்டட்டும், மற்றவர்கள் கைத்தாளம் போடட்டும், அடுத்த பாட்டுக்கு ஆள் மாறட்டும்.

நம் கட்டடத்து ஆஜோபா (மராட்டித் தாத்தா) அபங்கம் என்கிற மராட்டி பக்திப் பாட்டுக்கு ஒரே கையில் என்னமாய் உருட்டுகிறார்! ஆஷாட ஏகாதசிக்குள் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்லித்தரச் சொல்லிக் கேளுங்களேன், மாட்டேன் என்கிற ஆளில்லை. டம்பரின்களைத் திருப்பி அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது என்று பொருளாளர் மாமியே சொன்னார். டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசையில் தட்டும் ஓர் அப்பா