பிறைவாசலில் 3 மில்லிமீட்டர்: எட்டுச் சுரைக்குடுக்கைகள் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: பர்ப்பிள் மார்ட்டின் என்ற தகைவிலான் இனப் பறவைகள் கூடு கட்டுவதற்கான எட்டு பிளாஸ்டிக் சுரைக்குடுக்கைகளை மாற்றித் தருவது குறித்து

ஐயா / அம்மா, வணக்கம்.

ஆங்கிலத்தில் மூன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். மூன்றுக்கும் "தங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று பதில் வந்தது. எந்தப் பிரச்சினை, யார் தீர்த்தார்கள் என்பதுதான் தெரியவில்லை. உங்கள் தொலைபேசியை எடுப்பவர்களில் சிலராவது சென்னையில் இருக்கிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டதால் (அந்தக் கதை கீழே வருகிறது) இந்த முறை தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியும் இணைத்திருக்கிறேன்.

குறை சின்னதுதான். மார்ட்டினின் கூட்டைப் பறித்துக்கொள்ளும் ஸ்டார்லிங் பறவை நுழையாத, பிறை வடிவ வாசல் என்று விற்றீர்கள். அதன் உயரம் 1 3/16 அங்குலம், அதாவது 30 மில்லிமீட்டர், இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய எட்டில் ஆறு 33 மில்லிமீட்டர் இருக்கின்றன. வெர்னியர் வைத்து அளந்த படங்களை மூன்று தடவை அனுப்பியிருக்கிறேன்.

அந்த 3 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பொருள் உங்களுடையது. ஆனால் உங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது. மார்ட்டினுக்குக் கால் குட்டை. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்து உள்ளே போய்விடும். ஸ்டார்லிங்குக்கு நெஞ்சு உயரம், தோள் இடிக்கும். வாசல் கொஞ்சம் உயர்ந்தால் இடிக்காது, அவ்வளவுதான். 1890-இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து பறக்கவிட்ட பறவை இன்று ஹூஸ்டனில் என் கொல்லைப்புறத்தில் வைக்கோல் திணித்துக்கொண்டிருக்கிறது, உங்கள் தயவில்.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன் அல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவர் இருபது வருடமாக மார்ட்டினுக்குக் கூடு வைத்து வருகிறார். அவர் கொடியிலே காய்த்த நிஜச் சுரைக்காயைக் காயவைத்து, துளை போட்டு, வெள்ளையடித்துத் தொங்கவிடுகிறவர். சாக்டா, சிக்கசா என்ற அமெரிக்கப் பழங்குடி மக்கள் அந்தக் காலத்தில் செய்த வேலை அது. "உனக்குப் பொறுமை போதாது, பிளாஸ்டிக்கே வாங்கு, பின்னால் திருகுமூடி இருக்கட்டும், அப்போதுதான் கையை விட்டுக் கூட்டைப் பார்க்கலாம், வருடக் கடைசியில் கழுவலாம், வெள்ளை நிறம் வெயிலுக்கு நல்லது, சுவர் மட்டும் தடியாக இருக்கட்டும், உள்ளே இருட்டாக இருந்தால்தான் அதற்குப் பிடிக்கும்" என்றார். எல்லாம் உங்கள் விளம்பரத்தில் இருந்தது. ஆனால் குடுக்கையை வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே விட்ட என் விரல்கள் ஐந்தும் தெரிகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கூட்டுக்கும் உதவாது என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள். (இந்தக் காசுக்கு ஒரு வருடம் சுரைக்காய்க் கூட்டே வைத்திருக்கலாம் என்று என் மனைவி சொல்வதை நான் பொருட்படுத்தவில்லை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊழியர் ஒருவர், "டல்லாஸ் பக்கத்துக் கிடங்குக்கு நேரில் கொண்டு போங்கள், உடனே மாற்றித் தருவார்கள்" என்றார். விடுமுறை எடுத்தேன். எட்டையும் பின் இருக்கையில் அடுக்கி, போக வர 500 மைல் ஓட்டினேன். வாசலில் இருந்த காவலாளி வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யாருக்கும் எதையும் நேரில் மாற்றித் தருவதில்லை என்று ஒரு பலகையைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. தண்ணீர் கூடக் கொடுத்தார். உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்புறம்தான் அந்தத் தொலைபேசி. 47 நிமிடம் காத்திருந்தேன். நான் மனைவியிடம் ஏதோ சொன்னது காதில் விழுந்து, எதிர்முனைத் தம்பி தமிழுக்கு மாறினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பாதி நிமிடம்தான். "சார், மூணு மில்லிமீட்டர்ல என்ன சார் ஆயிடப் போவுது? குருவிதானே, அது அட்ஜஸ்ட் பண்ணிக்கும்" என்றார். குருவி அட்ஜஸ்ட் செய்துகொண்டது தம்பி, வேறு குருவி! மேலதிகாரியிடம் கொடுங்கள் என்றேன். "நடுராத்திரில குருவிக் கூட்டுக்கு மேனேஜரை எழுப்பச் சொல்றீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். பின்னால் இன்னொருவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு 500 மைலைவிட எனக்கு வலிக்கிறது.

30 நாள் கடந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்கிறீர்கள். மார்ட்டின் இங்கே ஜனவரி கடைசியில் வரத் தொடங்கும். அதற்குத் தயாராக டிசம்பரில் வாங்கினேன். ஸ்டார்லிங் நுழைவதைப் பார்த்தது பிப்ரவரியில். அப்படியானால் அந்த 30 நாள் யாருக்காக?

பிப்ரவரி இரண்டாம் வாரம் கருநீலமாகப் பளபளத்துக்கொண்டு ஓர் ஆண் பறவை வந்தது. பிரேசில் பக்கத்திலிருந்து பறந்து வந்த உயிர். மூன்று நாள் விடியலில் பாடியது. நான்காம் நாள் தலையை உள்ளே விட்டது, ஸ்டார்லிங் கொத்தி வெளியே தள்ளியது. போய்விட்டது. ஒரு முறை குஞ்சு பொரித்த இடத்துக்கே வருடா வருடம் திரும்பி வரும் பறவை இது. ஆகவே நான் இழந்தது ஒரு பறவையை அல்ல, அதன் வம்சத்தையே. இதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது. போன வருடம் பிறந்த இளம் பறவைகள் ஏப்ரல் வரை வந்துகொண்டிருக்கும், கவலைப்படாதே என்கிறார் பெரியவர். அதை நம்பித்தான் இந்தக் கடிதமே.

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மார்ட்டின் முட்டை வைத்துவிட்டால் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைச் சட்டப்படி கூட்டை அகற்றவோ கலைக்கவோ முடியாது. அப்புறம் நீங்கள் மனம் மாறிக் குடுக்கையை அனுப்பச் சொன்னாலும் என்னால் கழற்ற முடியாது.

எனவே தயவுசெய்து, மார்ச் 31-க்குள் சரியான 30 மில்லிமீட்டர் வாசலும் தடித்த சுவரும் உள்ள எட்டுக் குடுக்கைகளை உங்கள் செலவில் அனுப்புங்கள். டல்லாஸ் போய்வந்த பெட்ரோல் காசையும் கொடுங்கள். இல்லையென்றால் கடன் அட்டை வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பெறுவேன், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுப்பேன். ஏமாற்று வணிகம் பற்றிய இந்த மாநிலச் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதையே அந்த அறிவிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைக்கு என்னைத் தள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஹூஸ்டன்.

பி.கு.: அந்தத் தம்பியை வேலையை விட்டு எடுக்க வேண்டாம். ஒரு அளவுகோல் வாங்கிக் கொடுங்கள், போதும்.