திரைப்படச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் நகல் தபாலில் போகும். தபால் செலவும் சங்கத்தின் தலையில்தான் விழுகிறது என்பதை அவர்கள் படிக்கும்போது நினைத்துப் பார்க்கலாம்.

மாதம் ஒரு படம் என்ற வழக்கத்தைப் பெரும்பாலும் காப்பாற்றினோம். மே மாதம் வெயிலுக்காக விடுமுறை விட்டோம். ஆகஸ்டில் குறும்படப் போட்டி நடந்து பரிசுகள் வழங்கப்பட்டன. நவம்பர் திரையிடல் மழையால் ரத்தானது. டிசம்பரில் மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய புரொஜெக்டர் இருமுறை பழுது பார்க்கப்பட்டது. செயற்குழு விதிப்படி கூடியது, போதிய உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இருந்த நாட்களில் தீர்மானங்களும் நிறைவேறின.

ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி என்று நான் கருதுவது பிப்ரவரி 22, 23 தேதிகளில் நடந்த ஆவணப்படத் திரையிடல். ‘ஜார்ஜ் ஹாரிசன்: லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்’. பீட்டில்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் ஹாரிசனின் வாழ்க்கையைப் பற்றி மார்ட்டின் ஸ்கார்செஸி 2011இல் எடுத்த படம், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் இரண்டைப் பெற்றது. பிப்ரவரி 25 ஹாரிசனின் பிறந்த நாள் என்பதால் அதற்கு முந்தைய சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன். இதைப் பற்றிப் பல விதமான பேச்சுகள் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

செயற்குழுவில் முதலில் வைத்தபோது, “ராக் பாடகருக்கும் நமக்கும் என்ன சார்?” என்று கேட்டார்கள். படம் 208 நிமிடம் என்றேன். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை, டீ வந்துவிட்டது. இரண்டு மாலைகளாகப் பிரித்துப் போடுவது செயலாளரின் பிடிவாதம் என்று சொன்னவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் எச்பிஓ தொலைக்காட்சியே இதை 2011 அக்டோபர் 5, 6 என்று இரண்டு இரவுகளாகத்தான் ஒளிபரப்பியது.

நமக்கு என்ன என்ற கேள்விக்கும் பதில் உண்டு. 1974 கடைசியில் ஹாரிசன் வட அமெரிக்கா முழுக்கச் சுற்றி நடத்திய கச்சேரிகளில் சிதார் கலைஞர் பண்டிட் ரவிசங்கரின் குழுவும் சேர்ந்தே மேடையேறியது. அந்தக் குழுவில் இருந்தவர்களில் மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணனும் வயலின் எல். சுப்பிரமணியமும் உண்டு. மியூசிக் அகாடமி கேன்டீனில் உட்கார்ந்து இவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் உறுப்பினர்களுக்கே இது புதுச் செய்தியாக இருந்தது. வேத மந்திரங்களுக்கு ரவிசங்கர் இசையமைத்து 1997இல் வெளிவந்த ஆல்பத்தைத் தயாரித்தவரும் ஹாரிசன்தான். அதன் ஒலிப்பதிவில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. இதையெல்லாம் நான் தயாரித்த குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.

குறிப்பேடு பற்றி. அச்சுக்கூலி அதிகம் என்று பொருளாளர் சார் சொன்னது நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் படத்தில் கதை சொல்லும் பின்னணிக் குரல் கிடையாது. பீட்டில்ஸ் தோழர்கள் பால் மெக்கார்ட்னி, ரிங்கோ ஸ்டார், கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், பீட்டில்ஸ் இசைத்தட்டுகளின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், ஹாரிசனின் மனைவி ஒலிவியா என்று ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்கு ஹாரிசன் எழுதிய கடிதங்களை மகன் தானி வாசிக்கிறார். யார் எவர் என்று தெரியாமல் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே எழுந்து போகத் தோன்றும். குறிப்பேட்டைக் கையில் வைத்திருந்தவர்கள் எழுந்து போகவில்லை. இதைப் பொருளாளர் சாரும் ஒத்துக்கொள்வார்.

முதல் நாள் கூட்டம் சுமார். வராதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். லிவர்பூலில் கழிப்பறை வெளியே இருந்த ஒரு சின்ன வீட்டில், பஸ் கண்டக்டரின் கடைசிப் பிள்ளையாக 1943இல் பிறந்தவர் ஹாரிசன். பள்ளிக்கூட பஸ்ஸில் மெக்கார்ட்னியோடு பழக்கம். ஹாம்பர்க் நகரத்தில் இரவு விடுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது பதினெட்டு வயது ஆகவில்லை என்று 1960இல் ஜெர்மனிக்காரர்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1965இல் ‘நார்வீஜியன் வுட்’ பாட்டில் சிதார் வாசித்தார். சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வருடமே ரவிசங்கரைத் தேடி இந்தியா வந்தார். பீட்டில்ஸ் புகழின் உச்சியில் இருந்த ஒருவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சரளி வரிசை மாதிரி ஆரம்பத்திலிருந்து பழகினார் என்பது எனக்கு இந்தப் படத்திலேயே மிகப் பிடித்த விஷயம். 1968இல் பீட்டில்ஸ் நால்வரும் ரிஷிகேஷுக்கு மகரிஷி மகேஷ் யோகியிடம் வந்தார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ரிங்கோ ஏறத்தாழ பத்து நாளில் கிளம்பிவிட்டார். நம் மண்டபத்திலும் இடைவேளையில் வடை தீர்ந்ததும் சிலர் கிளம்பினார்கள்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பீட்டில்ஸில் லெனானும் மெக்கார்ட்னியும் எழுதும் பாட்டுகளுக்குத்தான் முதல் இடம். ஹாரிசனுக்கு ஒரு ஆல்பத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும். மிச்சமெல்லாம் வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. குழு உடைந்ததும் 1970 நவம்பரில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ஆல்பமாக அவை வெளிவந்தன. அதில் இருந்த ‘மை ஸ்வீட் லார்ட்’ அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது, பீட்டில்ஸ் குழுவிலிருந்து பிரிந்து வந்த ஒருவருக்கு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. ஆவணப்பட விழா, பள்ளிகளில் திரையிடல், நூலக அலமாரி என்று நான் வருடா வருடம் செயற்குழுவில் வைக்கும் யோசனைகள் ‘பிறகு பார்க்கலாம்’ கோப்பில் இருக்கின்றன. யாரையும் குறை சொல்லவில்லை. கோப்பு பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டியவர்கள் எல்லோரும் வந்திருந்தால் நாற்காலி போதாமல் போயிருக்கும். வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், இரண்டு கை போதும். அன்று துபாயில் இந்தியா, பாகிஸ்தான் ஆட்டம். சாம்பியன்ஸ் டிராபி அட்டவணையை நம் செயற்குழு தயாரிக்கவில்லை. படத்தின் தேதியை மாற்றச் சொல்லி முந்தின நாள் இரவு பதினோரு மணிக்கு மூன்று உறுப்பினர்கள் செய்தி அனுப்பினார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று பதில் போட்டேன். அதற்கும் கட்டைவிரல்.

வராதவர்கள் இழந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1999 டிசம்பர் 30 அன்று விடியும் முன் ஒருவன் வீடு புகுந்து ஹாரிசனைக் கத்தியால் குத்தியதையும், கையில் அகப்பட்டதை எடுத்து அவனை அடித்துக் கணவரைக் காப்பாற்றியதையும் ஒலிவியாவே சொல்கிறார். குரலில் பதற்றமே இல்லை. கேட்கிற நமக்குத்தான் கை நடுங்குகிறது. அப்புறம் ரிங்கோ வருகிறார். புற்றுநோயால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் சுவிட்சர்லாந்தில் படுத்திருந்த ஹாரிசனைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்கிறார். ரிங்கோவின் மகளுக்கு பாஸ்டனில் மூளைக்கட்டிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. நான் பாஸ்டன் போக வேண்டும் என்று ரிங்கோ சொன்னதும், “நானும் கூட வரட்டுமா?” என்று படுக்கையில் கிடந்தவர் கேட்டாராம். ரிங்கோ கண்ணைத் துடைத்துக்கொண்டே, டிவி பேட்டி மாதிரி ஆகிவிட்டதே என்று கிண்டலும் செய்கிறார். சில வாரங்களில், 2001 நவம்பர் 29 அன்று, ஹாரிசன் ஐம்பத்தெட்டாவது வயதில் இறந்தார்.

ஸ்பீக்கர் வந்து சேரத் தாமதமானதால் அன்று படம் முடிய நேரமாகிவிட்டது. ரிங்கோ அழுது முடித்த சற்று நேரத்தில் வெளியே தெருவில் பட்டாசு வெடித்தது. கோலி ஒரே பவுண்டரியில் தன் சதத்தையும் இந்தியாவின் வெற்றியையும் முடித்துவைத்தார் என்று பிறகு தெரிந்துகொண்டோம். இந்தியா வென்றதில் செயலாளருக்கும் மகிழ்ச்சிதான்.

இனி கணக்கு. வரவும் செலவும் ஏறத்தாழச் சரிக்குச் சரியாக இருக்கின்றன. கையிருப்பு இருக்கிறது, அதிகம் என்று சொல்ல முடியாது. வங்கி வட்டி வழக்கம்போல. விரிவான பட்டியல் பொருளாளர் சாரிடம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். தணிக்கையாளர் வெளியூரில் இருப்பதால் கையெழுத்து அடுத்த வாரம் வரும்.

ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேட்கிறேன் என்று என்மேல் வருத்தப்படும் நண்பர்களுக்காக ஒரு விஷயம். 1971இல் வங்கதேச அகதிகள் படும் பாட்டைப் பார்த்து ரவிசங்கர் உதவி கேட்டதும், சில வாரங்களுக்குள் ஹாரிசன் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆகஸ்ட் 1 அன்று ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடத்திவிட்டார். பாடகர் பாப் டிலன் வந்தார், கிளாப்டன் வந்தார். ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் ரவிசங்கர். டிக்கெட் வசூல் இரண்டரை லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு, அது யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு இசைத்தட்டிலும் படத்திலும் வந்தது பெரிய பணம். முன்கூட்டியே அறக்கொடை நிகழ்ச்சியாக முறைப்படி ஏற்பாடு செய்யாததால் அமெரிக்க வருமான வரித் துறையின் விசாரணையில் அந்தப் பணம் வருடக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அவ்வளவு நல்ல மனசுக்கே அந்த நிலை என்றால், டீக்கடைத் துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு நம் தணிக்கையாளர் என்ன செய்வார்?

சந்தா நிலுவை பற்றி எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயர்களை எழுதவில்லை. முதல் நாள் படம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் என் தோளில் தட்டி, “நீங்கதான் சார் நம்ம டாக்ஸ்மேன்” என்றார். ஹாரிசன் 1966இல் எழுதிய வரி வசூலிப்பவன் பாட்டைச் சொல்கிறார். அந்தப் பாட்டில் உனக்கு ஒன்று, எனக்குப் பத்தொன்பது என்கிறான் வரிக்காரன். அன்றைய பிரிட்டனில் பெரிய வருமானக்காரர்களுக்கு வரி அப்படித்தான் இருந்தது. நம் ஆண்டுச் சந்தா, இரண்டு பேர் ஒருமுறை மல்டிபிளெக்ஸ் போய்ப் பாப்கார்ன் வாங்கும் செலவுக்கும் கீழே. கிண்டல் செய்தவர் கொரோனாவுக்கு முன்பு கட்டியதோடு சரி. ஆயுள் உறுப்பினர் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் சிலர் உண்மையில் ஆண்டு உறுப்பினர்கள்தான் என்பதையும் பதிவேட்டைப் பார்த்துத் தெரிவிக்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த நிர்வாகத்தினர், நாற்காலி போட்ட இளைஞர்கள், ஒலியமைப்பாளர் (தாமதமானாலும்), அச்சகத்தார், சிற்றுண்டிக் குழு, பத்திரிகை நண்பர்கள், தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர், செயற்குழுவினர். பெயர் விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு பற்றி. புரொஜெக்டர் இன்னொரு வருடம் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். ஆவணப்பட வரிசையைத் தொடர வேண்டும் என்பது என் விருப்பம், தீர்மானிக்க வேண்டியது பொதுக்குழு. இரண்டாம் நாள் வந்தவர்கள் மட்டும் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1978இல் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் படத்துக்குப் பணம் போடுவதாக இருந்த நிறுவனம் கடைசி நேரத்தில் கையை விரித்தது. ஹாரிசன் தன் வீட்டை அடமானம் வைத்துப் படத்துக்குப் பணம் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்றார். உலகத்திலேயே விலை அதிகமான சினிமா டிக்கெட் என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். நான் யாரையும் வீட்டை அடமானம் வைக்கச் சொல்லவில்லை.

செயலாளர் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்று சிலர் அன்போடு கேட்கிறார்கள். வேறு யாராவது முன்வந்தால் பதிவேடுகள், அலமாரிச் சாவி, ‘பிறகு பார்க்கலாம்’ கோப்பு எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் முன்வராவிட்டால் அதையும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் சார் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறார். ஜிபேயும் உண்டு. மிச்சமிருக்கும் குறிப்பேடுகளும் அங்கேயே இருக்கின்றன, சந்தா கட்டுகிறவர்களுக்கு இலவசம்.

இப்படிக்கு,
செயலாளர்