ஜீப்பின் முன் லிவர்

மோல்மேன்

அன்பு மகள் தாயிக்கு,

நேற்று போன் பாதியிலேயே அறுந்துவிட்டது. நான் சொன்னதில் எவ்வளவு உன் காதில் விழுந்ததோ தெரியாது. அதனால் எழுதி, கலோ போகும் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை உன் ஜீப்பின் முன் ஆக்சில் லிவர்மேல் யாரும் சுத்தியல் வைக்கக் கூடாது.

பிண்டயா வழியில் சேறு வந்ததும், முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்க முன் ஆக்சிலைப் போட்டாய், தார் ரோடு ஏறியபின் எடுக்க வரவில்லை. அதுதானே? முதலில் பக்கத்து லிவரைப் பார். அது லோவில், அதாவது மெதுவாக இழுக்கும் கியரில் இருந்தால் முன் ஆக்சில் லிவர் வெளியே வராது. நம் வில்லிஸ் கம்பெனி ஜீப்பை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதை ஹைக்கு மாற்றிவிட்டு இதை எடுத்துப் பார். எது எந்தப் பக்கம் என்பது டாஷ்போர்டில் இருக்கும் தகட்டில் உண்டு.

அப்படியும் வரவில்லையென்றால் முறுக்கு ஏறியிருக்கிறது. நீயும் அம்மாவும் ஈரக் கைலியை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவீர்களே, அதே முறுக்குதான். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். முன் ஆக்சில் போட்டிருக்கும்போது முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக் கிடக்கின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது. வித்தியாசம் முழுக்க, சக்கரங்களுக்குச் சுழற்சி கொண்டுபோகும் ஷாஃப்டில் ஏறி, கியர் பற்களை ஒன்றோடொன்று இறுக்கிவிடும். லிவரில் கோளாறு ஒன்றும் இல்லை தாயி, அது பாரத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, எடுக்கும் வழி. ஸ்டியரிங்கை நேராக வைத்து மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு அடி ரிவர்ஸ் எடு. போகும்போதே கிளட்சை மிதித்து லிவரை லேசாகத் தள்ளு. பக்கத்தில் சரளை மண் இருந்தால் அதன்மேல் செய்வது இன்னும் நல்லது. அதற்கும் மசியவில்லையென்றால், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கு. தரையை விட்டு எழும்பும் நேரத்தில் சக்கரம் திடீரென்று ஒரு உதறு உதறிச் சுற்றும். அப்போது கையோ புடவையோ பக்கத்தில் இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு லிவர் ஒரு விரலுக்கு வரும்.

எனக்கு இருபது வயதில் இதே மாதிரி ஆனது. தான்பியூசயாட் ரப்பர் தோட்டத்திலிருந்து திரும்பும் வழி. பொறுமையில்லாமல் இரும்புத் தடியால் அடித்து, உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க்கை வளைத்துவிட்டேன். பட்டாளம் விட்டுப்போன வண்டிகளில் ஒன்றாகத் தாத்தா ஆசையாக வாங்கிய ஜீப் அது. மூன்று நாள் பாய் விரித்துப் படுத்து அவரே சரிசெய்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு சொல்கிறேன்.

முறுக்கு இறங்கியும் லிவர் கனமாக இருந்தால் துரு. இரண்டு லிவரும் ஒரே இரும்பு முளையில்தான் ஆடுகின்றன. ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் நேரே அதில்தான் இறங்கும். மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடு, காலையில் மெல்ல ஆட்டு, அப்புறம் கிரீஸ் அடி. உறையை மாற்று.

இன்னொன்று. முன்னால் மட்டும் புது டயர் போட்டதாக அன்றைக்குச் சொன்னாய். இரண்டிலும் 6.00-16 என்று ஒரே அளவு எழுதியிருந்தாலும் தேய்ந்த பழையதும் புதியதும் ஒரே சுற்றுக்கு ஒரே தூரம் ஓடாது. நேர் ரோட்டில்கூட முறுக்கு ஏறும். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று தள்ளி, முன்னும் பின்னும் டேப்பால் அளந்து எனக்கு எழுது. வித்தியாசம் இருந்தால் இங்கிருந்து இரண்டு டயர் அனுப்புகிறேன்.

அம்மா மாசிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். இதே பஸ்ஸில் வருகிறது.

அன்புடன்,
அப்பா