கொழுந்து பறிக்கும் என் தாயாருக்குத் தரப்பட்ட மூக்குக்கண்ணாடி தொடர்பான முறைப்பாடு

ஹட்டன்,
2025.07.14

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

தங்கள் ஹட்டன் கிளையில் 2025.05.17 அன்று பதிவு செய்து 2025.05.31 அன்று பெற்றுக்கொண்ட மூக்குக்கண்ணாடி தொடர்பாக

நான் ஹட்டன் கல்வி வலயத்திலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை. என் தாயாருக்கு 57 வயது. 35 வருடங்களாகத் தேயிலைக் கொழுந்து பறித்து வரும் அவர், இன்றும் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய், கூடையோடு மலையேறி, மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பின்னரே தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்புகிறார். அவருக்காக 67,500 ரூபா கொடுத்து வாங்கிய கண்ணாடியை அவரால் அணிய முடியவில்லை. அதை அணிந்து மலையிறங்கும்போது தேயிலை மலையின் வடிகாலான கானுக்குள் சறுக்கி விழுந்துமிருக்கிறார். பெற்றுக்கொண்ட ஐந்து வாரத்துக்குள் வில்லைகளின் மேற்பூச்சும் வெடித்துவிட்டது. கிளைக்கு மூன்று முறை சென்றும் உரிய பதில் கிடைக்காததால் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

2024 ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், 67,500 ரூபா என்பது முழுதாக 50 நாள் வேலைக்கான கூலி. அதில் ஒரு பகுதியை நானும் என் தம்பியும் போட்டோம். மீதி அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். விலை கூடியது என்பதற்காக நான் முறையிடவில்லை. அவருடைய கண்ணுக்கும் காலுக்கும் ஏற்ற ஒன்றாக இருந்திருந்தால் அந்தச் செலவைப் பற்றி நாங்கள் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டோம்.

கிளையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அம்மாவிடம் ஏற்கனவே, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் என ஒரே வில்லையில் இரண்டு பவர் கொண்ட ஒரு பைபோக்கல் கண்ணாடி இருந்தது. கீழ்ப்பகுதியில் கோடு தெரியும் அந்தக் கண்ணாடியை ஆறு வருடம் பாவித்தார். பிரேமின் காது ஒடிந்துபோனதால்தான் புதியது தேவைப்பட்டது. அதேபோன்ற ஒன்றே போதும் என்று நாங்கள் சொன்னபோது, "அம்மா, அதெல்லாம் பழைய காலத்துச் சாமான், இப்போ எல்லோரும் புரோகிரசிவ்தான் போடுறாங்க" என்று ஊழியர் பதில் சொன்னார். பைபோக்கல் 18 ஆம் நூற்றாண்டிலிருந்து வருவது என்பது உண்மைதான். ஆனால் அவர் புதியது என்று காட்டிய, கோடில்லாமல் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் வில்லையும் 1959 ஆம் ஆண்டிலேயே பிரான்சில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரு வில்லை எப்போது வந்தது என்பதைக் கொண்டு அது ஒருவருக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்க முடியாது. அம்மா என்ன வேலை செய்கிறார், எப்படிப்பட்ட நிலத்தில் நடக்கிறார், எதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பவர் சோதித்த அறையிலும் கேட்கவில்லை, பிரேம் தெரிவு செய்த மேசையிலும் கேட்கவில்லை, பணம் வாங்கிய இடத்திலும் கேட்கவில்லை.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை வயதோடு சிறிது சிறிதாக இறுகி வருவதால், நாற்பது வயதைத் தாண்டியதும் கிட்டப் பார்ப்பது கடினமாகிறது. வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது இதைத்தான். அம்மாவுக்குத் தூரத்துக்கு +0.75 பவரும், வாசிப்புக்கு அதற்கு மேல் +2.00 பவரும் தேவைப்படுகிறது. புரோகிரசிவ் வில்லையில் மேற்பகுதி தூரத்துக்கும், அடிப்பகுதி கிட்டத்துக்கும் அமைய, நடுவே பவர் சிறிது சிறிதாகக் கூடிச் செல்லும் ஒடுங்கிய பாதை ஒன்று இருக்கும். அந்தப் பாதையின் இரு பக்கங்களிலும் உருவம் நெளிந்தும் மங்கியும் தெரிவது இந்த வகை வில்லையின் இயல்பு. எவ்வளவு விலை கொடுத்தாலும் அது குறையுமே தவிர முற்றாக நீங்காது. மேசையில் உட்கார்ந்து எழுதி, நிமிர்ந்து எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசும் ஒருவருக்கு இது மிக நல்ல வில்லை. எங்கள் பாடசாலை அதிபர் பல வருடமாக அதையே அணிகிறார், எந்தக் குறையும் சொன்னதில்லை.

மலையில் நிலைமை வேறு. கொழுந்து பறிப்பவர் நிரைக்குள் நிற்கும்போது அவர் பறிக்கும் தளிர் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது. அடுத்த அடி வைக்க வேண்டிய இடமோ செடிகளுக்கு அடியில், சரிவில், பெரும்பாலும் ஈரமான கல்லிலோ கானின் ஓரத்திலோ இருக்கிறது. முதுகில் கூடை பாரமாகத் தொங்குவதால் தலையை நன்றாகக் குனிய முடியாது. கண்ணை மட்டும் தாழ்த்தியே பாதத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் பார்வை வில்லையின் அடிப்பகுதி வழியாக, அதாவது ஒரு முழத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படிப்பதற்கான பகுதி வழியாகச் செல்கிறது. தரை மங்குகிறது, கல்லின் விளிம்பு இருக்குமிடத்தில் தெரிவதில்லை. பக்கவாட்டில் பார்த்தால் சரிவே அசைவதுபோல் இருக்கிறது என்று அம்மா முதல் நாளே சொன்னார்.

பைபோக்கலிலும் கிட்டப் பகுதி கீழேதான் இருக்கிறது என்று தங்கள் தரப்பில் சொல்லலாம். அது உண்மையே. ஆனால் அம்மாவின் பழைய கண்ணாடியில் அந்தப் பகுதி சிறியதாகவும் தாழ்வாகவும் வைக்கப்பட்டிருந்தது. அதன் இரு பக்கமும் தூரப் பார்வை தெளிவாக இருந்ததால் அவர் அதற்குப் பழகியிருந்தார். உண்மையில் மலைக்குத் தூரப் பார்வை மட்டும் கொண்ட சாதாரண ஒற்றைப் பவர் கண்ணாடியும், வீட்டில் வாசிக்கத் தனியாக ஒன்றும் என இரண்டு கண்ணாடிகளே அவருக்கு மிகவும் ஏற்றவை என்பதை நான் இப்போதுதான் அறிகிறேன். 2010 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று, பல பவர்க் கண்ணாடி அணியும் முதியோரில் அடிக்கடி வெளியே நடமாடுபவர்களுக்கு வெளி நடமாட்டத்துக்கென ஒற்றைப் பவர் கண்ணாடி கொடுத்தபோது அவர்கள் விழுவது குறைந்ததைக் காட்டியிருக்கிறது. நான் ஆசிரியை, தேடி வாசித்து அறிந்துகொண்டேன். இதை எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது கண்ணாடி விற்றவர்களின் பொறுப்பு.

ஜூன் 12 ஆம் திகதி, மழை விட்ட நேரத்தில், அம்மா கானைத் தாண்டக் கால் வைத்து அளவு தவறி விழுந்தார். கணுக்கால் சுளுக்கி ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. 14 ஆம் திகதி கிளைக்குச் சென்றேன். இரண்டு வாரம் விடாமல் அணிந்தால் பழகிவிடும் என்றார்கள். புதிதாகப் புரோகிரசிவ் அணிபவருக்கு அப்படி ஒரு பழக்கக் காலம் தேவைப்படுவது வழக்கம் என்பதால் அதை ஏற்று, வீட்டிலிருந்த நாட்களிலும் அம்மாவை அணியச் செய்தேன். 28 ஆம் திகதி மீண்டும் சென்றபோதும் அதே பதில்தான். இதற்கிடையில் அம்மா ஒரு விடயத்தைக் கவனித்திருந்தார்: தாடையைத் தாழ்த்தி, வில்லையின் மேல் விளிம்பை ஒட்டிப் பார்த்தால்தான் எதிர் மலை தெளிவாகத் தெரிகிறது.

மறுநாள் கண்டியிலுள்ள வேறொரு கண்ணாடி நிலையத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். ஒவ்வொரு புரோகிரசிவ் வில்லையிலும் 34 மில்லிமீற்றர் இடைவெளியில், சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாத இரண்டு நுண்ணிய பொறிப்புகள் இருக்கும். அங்கிருந்தவர் வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து அவற்றைக் கண்டுபிடித்து, பேனாவால் புள்ளியிட்டு, கண்மணிக்கு நேரே வரவேண்டிய இடத்தைக் குறித்தார். பின்னர் அம்மாவை நேராகப் பார்க்கச் சொல்லி எங்களுக்குக் காட்டினார். அந்தக் குறி இரண்டு கண்ணிலும் கண்மணியைவிட 4 மில்லிமீற்றர் மேலே இருந்தது. நேராகப் பார்க்கும்போதே அம்மாவின் பார்வை பவர் கூடிச் செல்லும் பாதைக்குள் விழுந்திருக்கிறது. தாடையைத் தாழ்த்தினால் தெளிந்ததற்குக் காரணமும் அதுவே. தங்கள் கிளையில் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தை மட்டும் ஓர் அளவுகோலால் அளந்தார்கள். பிரேமை முகத்தில் பொருத்தி, கண்மணி எந்த உயரத்தில் வருகிறது என்று குறித்ததை நானும் பார்க்கவில்லை, அம்மாவும் பார்க்கவில்லை. அந்த அளவு இல்லாமல் புரோகிரசிவ் வில்லையை வெட்டிப் பொருத்துவது, உயரம் அளக்காமல் கதவுக்கு நிலை வைப்பதற்குச் சமம். இது பழகினால் சரியாகும் குறை ஆகாது. கண்டியில் எழுதித் தந்த குறிப்பின் பிரதியை இணைத்துள்ளேன்.

பற்றுச்சீட்டிலுள்ள ஏனைய விடயங்களையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1.67 ஒளிமுறிவுச் சுட்டியுள்ள மெல்லிய வில்லைக்குத் தனியாகப் பணம் அறவிடப்பட்டுள்ளது, +0.75 போன்ற குறைந்த பவருக்குச் சாதாரண 1.5 பிளாஸ்டிக் வில்லையே தடிப்பாகத் தெரியாது. நீல ஒளித் தடுப்புக்கும் அறவிடப்பட்டுள்ளது. அம்மா கணினி பாவிப்பதில்லை, பாவிப்பவர்களிடத்திலும் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே 17 பரிசோதனைகளைத் தொகுத்து 2023 ஆம் ஆண்டில், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு வெளியிட்ட மீளாய்வு சொல்கிறது. வெயிலில் கறுக்கும் தன்மையால்தான் அதிக சிரமம். அந்த வில்லை புற ஊதாக் கதிரால் கறுக்கிறது. மெல்லிய முகிலையும் மூடுபனியையும் ஊடுருவி அந்தக் கதிர் வருவதால், எங்களுக்கு வெளிச்சம் போதாத நேரத்திலும் அது கறுத்து நிற்கிறது. குளிரில் கூடுதலாகக் கறுத்து, தெளியவும் அதிக நேரம் எடுக்கும். மலையிலிருந்து லயத்து அறைக்குள் நுழையும் அம்மா, கண்ணாடியைக் கழற்றிவிட்டே அடுப்படிக்குப் போகிறார். கொழும்பின் வெக்கையில் இந்தச் சிரமம் இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. மலைநாட்டுக் கிளையில் விற்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இனி மேற்பூச்சைப் பற்றி. ஜூலை 5 ஆம் திகதி நான் கிளைக்குக் கொண்டு சென்றபோது இரண்டு வில்லைகளிலும் சிலந்தி வலை போன்ற நுண்ணிய வெடிப்புகள் பரவியிருந்தன. சூடு பட்டிருக்கிறது, பாவித்தவரின் தவறு, உத்தரவாதம் செல்லாது என்றார்கள். சூடு பட்டது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் நாள் முழுக்க மழை. உடுப்பு, விறகு, செருப்பு எல்லாவற்றையும் அடுப்பு மேட்டில் வைத்தே உலர்த்துகிறோம். அம்மா கண்ணாடியை வெந்நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பத்திரமான இடம் என்று எண்ணி அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைத்திருக்கிறார். பெரும் பணம் கொடுத்து வாங்கிய பொருளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையால்தான் அதைச் செய்தார்.

ஒளித்தெறிப்பைத் தடுக்கும் அந்தப் பூச்சு பல மெல்லிய ஒட்சைட்டுப் படைகளால் ஆனது. எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தடிப்பில்லை. சூடு பட்டால் அடியிலுள்ள பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு அது விரியாது, ஆகவே வெடிக்கிறது. இதை அறிந்த நிறுவனம், வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் தூசியைக் கழுவிவிட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி போதும். மென்மையான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்த வில்லையைச் சேலைத் தலைப்பாலோ இடுப்பில் கட்டும் படங்காலோ தேய்த்தால் ஒட்டியிருக்கும் தூசியே கீறிவிடும். கழற்றும்போது இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றி, வில்லை மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். அடுப்பருகிலோ வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள்ளோ வைக்கக் கூடாது. இவ்வளவுதான். சொல்வதற்கு இரண்டு நிமிடம்கூடத் தேவையில்லை.

பெட்டிக்குள் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது என்று கிளை முகாமையாளர் சொன்னார். இருந்தது. சூட்டைப் பற்றிய எச்சரிக்கையும் அதில் இருந்தது. ஆனால் அது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. கடை வாசலில் பெயர்ப்பலகை மூன்று மொழிகளிலும் இருக்கிறது. விலையையும் தமிழில்தான் பேசினார்கள். பராமரிப்பு முறையை மட்டும் அவர் வாசிக்க முடியாத மொழிகளில் கொடுத்துவிட்டு, அதைப் பின்பற்றவில்லை என்று அவர் மீது குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. கிளையில் அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா, "நான்தான் பாழாக்கிட்டேன்" என்று சொல்லி வருந்துகிறார். இந்தக் கடிதத்தை நான் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே, பொருத்தும் உயரம் அளக்காமல் செய்யப்பட்ட இந்தக் கண்ணாடியைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டு, 67,500 ரூபாவை மீள அளிக்க வேண்டும். அல்லது சாதாரண 1.5 பிளாஸ்டிக்கில், கறுக்கும் தன்மை இல்லாத, தூரத்துக்கு ஒன்றும் வாசிப்புக்கு ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகளைச் செய்து கொடுத்து மீதிப் பணத்தைத் தர வேண்டும். இவற்றில் எதைத் தாங்கள் ஏற்றாலும் எங்களுக்குச் சம்மதம். அத்துடன், மலைநாட்டிலுள்ள தங்கள் கிளைகளில் தமிழில் அச்சிட்ட பராமரிப்புக் குறிப்பை வைக்கும்படியும், வில்லை வகையைப் பரிந்துரைக்கும் முன் வாடிக்கையாளரின் வேலையைக் கேட்டுப் பதிவு செய்யும்படி ஊழியர்களுக்கு அறிவுறுத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுவதற்கு உதவி தேவையானால் நானே எழுதித் தரத் தயாராக இருக்கிறேன். அதற்கு எந்தக் கொடுப்பனவும் வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் அனுப்புங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகார சபையிடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதால், அதற்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது.

அம்மாவை மீண்டும் அளவு எடுக்க வரச் சொல்வதானால் ஞாயிற்றுக்கிழமையோ பௌர்ணமி விடுமுறையான போயா தினமோ குறித்துத் தாருங்கள். வேறு நாளில் வந்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் இல்லாமல் போகும். அதுவரை அவர் பழைய பைபோக்கலின் ஒடிந்த காதை நூலால் கட்டி அணிந்துகொண்டு மலைக்குப் போய் வருகிறார்.

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, பவர்ச் சீட்டின் பிரதி, கண்டியில் பெற்ற அளவுக் குறிப்பு, வில்லைகளின் புகைப்படங்கள், துண்டுப்பிரசுரத்தின் பிரதி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளரின் மகள்